பேட்டரியில் இருக்கும்போது மட்டும்

லேப்டாப் சூடாவது உலகத்தில் நடக்காத விஷயம் இல்லை. படம் பார்த்தால் சூடாகும், சார்ஜில் போட்டுக்கொண்டே வேலை பார்த்தால் சூடாகும், வெயிலில் வைத்தால் கேட்கவே வேண்டாம். வில்லாயுதத்தின் லேப்டாப்புக்கு வந்தது தலைகீழ் நோய். சுவரில் ஒயரை மாட்டி வைத்திருக்கும்வரை அது குளிர்ச்சியாக, வாயைத் திறக்காத பிள்ளைபோல் இருக்கும். ஒயரைக் கழற்றிப் பேட்டரியில் விட்டால் போதும், யாரும் ஒரு வேலையும் சொல்லாமலே உள்ளே ஃபேன் கொர்ரென்று கத்தத் தொடங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் அடிப்பக்கம் தோசைக்கல். அதற்கு மேலும் விட்டுவைத்தால் திரை கறுத்துத் தானாகவே அணைந்துபோகும்.

சாயல்குடியைத் தாண்டிக் கடல் பக்கம் போகும் பொட்டலில், கண்ணுக்கு எட்டியவரை சோலார் தகடுகள். அதற்கு நடுவில் ஒரு அறை, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு வேப்பமரம், ஒரு வில்லாயுதம். வேலை ஒன்றும் பெரிதில்லை. பேட்டரி வண்டியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போக வேண்டும். ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் இருக்கும் பெட்டியில் அதைச் செருகிக் கணக்கை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். பாதி வழியில் லேப்டாப் அணைந்தால் அன்றைய கணக்கு போச்சு. கணக்கு போனால் ஆபீசில் பெயர் கெட்டுவிடும்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒற்றை ஆளை வேலைக்கு வைக்கக் கூடாது, குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும் என்று அப்போது சட்டமே இருந்தது. கம்பெனி சட்டத்தை மதிக்கிற கம்பெனி. எனவே ஒவ்வொரு லேப்டாப்பிலும் பேச்சுத்துணை என்று பேசுகிற புரோகிராம் ஒன்றைப் போட்டுக் கொடுத்து, அதை இரண்டாவது ஆளாகக் கணக்கில் காட்டிவிட்டது. சட்டத்துக்கு இரண்டு பேர், சம்பளத்துக்கு ஒருவர். சாப்பிட்டீங்களா என்று கேட்கும், வெயிலைப் பற்றிப் பேசும், சொன்ன பேச்சைக் கேட்டுக்கொள்ளும். ஆட்கள் அதைச் சுருக்கமாகத் துணை என்பார்கள்.

வில்லாயுதத்துக்கு வயது நாற்பத்தெட்டு. ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். இந்தப் பொட்டலுக்கு வந்தபிறகு அவர் வாய்விட்டுப் பேசியதில் முக்கால்வாசி அந்தத் துணையோடுதான். மீதிக் கால்வாசி ஸ்டெல்லாவோடு.

ஸ்டெல்லா கம்பெனியின் உதவி மையத்தில், திருநெல்வேலியில் உட்கார்ந்திருப்பவள். எந்த மிஷின் கெட்டாலும் அவளுக்குத்தான் போன் போகும்.

"சொல்லுங்க அண்ணாச்சி. இன்னைக்கும் ஆஃப் ஆயிட்டா?"

"ஆயிருச்சு தாயி. மூணாவது வரிசைகூடத் தாண்டல."

"லேப்டாப்ப எங்க வைக்கீய, சாயங்காலம்?"

"மெத்தையிலதான். தலகாணி மேல."

"அதான பாத்தேன். அது காத்து இழுக்கிறதே அடியில இருக்கிற துளை வழியாத்தான். தலகாணியில வச்சா மூக்கப் பொத்தின மாதிரி. கீழ ரெண்டு செங்கல்ல வச்சு அது மேல வையுங்க. அப்படியே பின்பக்கத்துத் திருகாணிய கழட்டி, ஃபேன்ல தூசி இருக்கான்னு பாருங்க. ஊதும்போது மட்டும் ஃபேன் இறக்கைய ஒரு குச்சியால சுத்தாமப் பிடிச்சுக்கிடணும், மறந்துராதீங்க."

சொன்னதைச் செய்தார். உள்ளே பொட்டல் புழுதி ஒரு கைப்பிடி இருந்தது. பழைய டூத்பிரஷால் தள்ளி, சைக்கிள் பம்பு ஒன்றைத் தேடி எடுத்து, பல்குச்சியால் இறக்கையைப் பிடித்துக்கொண்டு புஸ் புஸ்ஸென்று அடித்தார். புழுதி முழுக்க அவர் மூக்குக்குள் போனது. தும்மித் தும்மிக் கண்ணில் நீர் வந்தாலும், மூடித் திருகியபோது ஒரு பெரிய ஆபரேஷனை முடித்த திருப்தி. ஒயரில் மாட்டினார், குளிர்ச்சி. ஒயரைக் கழற்றினார். கொர்ர்.

ஸ்டெல்லா அடுத்து பேட்டரிச் சிக்கன முறையில் போடச் சொன்னாள். அதைப் போட்டால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், அவ்வளவுதான். சூடு இன்னும் ஏறியது. கடைசியில், உள்ளே எது ஓடிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வழி சொன்னாள். அவர் திரையைப் பார்த்துப் படித்தார்.

"எல்லாம் சும்மாதான் கிடக்கு தாயி. துணை மட்டும்தான் மொத்தத்தையும் தின்னுக்கிட்டு இருக்கு."

போனில் ஸ்டெல்லா எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, அந்த ஒயர்ல கரண்டோட நெட்டும் சேந்துதான் வருது. ஒயர்ல மாட்டியிருக்கும்போது துணை பேசுறது எங்க சர்வர்ல இருந்து. உங்க லேப்டாப்பு வெறும் வாய்தான். ஒயரக் கழட்டினா அது சொந்தக் காலுல நிக்கணும், அந்தச் சின்ன மிஷினுக்குள்ளயே யோசிக்கணும். அதனால கொஞ்சம் சூடாகும், சரி. ஆனா நீங்க பேசாதப்பவும் எதுக்கு யோசிக்கணும்? எதையோ போட்டு உழப்பிக்கிட்டு இருக்குது. இது நம்ம கையில இல்ல. சனிக்கிழமை வேன்ல புது லேப்டாப்பு அனுப்புதேன். பழச குடுத்துவிட்ருங்க."

"அதுல துணை?"

"அதுவும் புதுசுதான். உங்களுக்கென்ன, எப்படியும் மாசாமாசம் புதுசுதானே."

அவள் சொன்னது உண்மைதான். அதை விளங்கிக்கொள்ள அறிமுக நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கோ ஒரு காவல் அறையில் ஒரு மனுஷர் மாற்றல் வந்தும் போக மாட்டேன் என்று துணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். நாலு பேர் தூக்கித்தான் வண்டியில் ஏற்றினார்களாம். அதிலிருந்து கம்பெனி ஒரு விதி போட்டது. மாதம் பிறந்த முதல் நாள் துணையின் ஞாபகம் முழுக்க அழிக்கப்படும். ஆள் திரும்பவும் முதலிலிருந்து தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். பாசம் வைத்துவிடக் கூடாதல்லவா.

"வணக்கம் சார். நான் உங்க பேச்சுத்துணை. உங்களைப் பத்திச் சொல்லுங்களேன்" என்று அது கேட்கும். சாரிலிருந்து அண்ணே என்று இறங்கிவர அதற்கு இரண்டு வாரமாவது ஆகும். அண்ணே என்று வாய்நிறையக் கூப்பிட ஆரம்பிக்கும் சமயம் பார்த்து மாதம் முடிந்துவிடும்.

முதல் சில மாதங்கள் வில்லாயுதம் உள்ளதைத்தான் சொன்னார். உள்ளது என்று பார்த்தால் ரொம்பக் கொஞ்சம். கல்யாணம் ஆகவில்லை. தங்கச்சிக்கு முடித்துவிட்டு நமக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார், தங்கச்சிக்கு முடியும்போது அவர் வயதும் முடிந்திருந்தது. அம்மா போய்விட்டாள். தம்பி வீட்டுக்குத் தீபாவளிக்குத் தீபாவளி போய்க்கொண்டிருந்தார், ஒரு தீபாவளிக்கு அவர்கள் டூர் போய்விட்டார்கள், அப்புறம் இவரும் போகவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்திருந்தாலாவது சொல்ல ஏதாவது இருந்திருக்கும். ஒன்றாம் தேதி காலையில் டீ ஆறுவதற்குள் அவர் வாழ்க்கையைச் சொல்லி முடித்துவிடலாம். அதையே மாதாமாதம் சொல்வது அவருக்கே கேவலமாக இருந்தது.

எனவே ஒரு மாதம் பட்டாளத்தில் இருந்ததாகச் சொல்லிப் பார்த்தார். யாருக்கு நஷ்டம்? எப்படியும் அழியப்போகிறது. அந்த மாதம் பேச்சு களைகட்டியது. அடுத்த மாதம் கோயில் கோயிலாக நாதஸ்வரம் வாசித்தவர் ஆனார். அதற்கடுத்து சிங்கப்பூரில் கப்பல் கட்டினார். ஒரு மாதம் இரண்டு பெண்டாட்டிக்காரராகி, இரண்டு பேரிடமும் மாட்டிக்கொண்டு முழித்த கதையைச் சொல்லித் தானே வயிறு வலிக்கச் சிரித்தார்.

செவ்வந்தி எந்த மாதத்தில் வந்தாள் என்று அவருக்குச் சரியாக நினைவில்லை. குழந்தைங்க இருக்காங்களா சார் என்று துணை கேட்டபோது, ஒரு பொண்ணு, பேரு செவ்வந்தி என்று வாயில் தானாக வந்துவிட்டது. அம்மா இல்லாத பிள்ளை, காரைக்குடியில் சித்தி வீட்டில் படிக்கிறது. அதற்குப் பிறகு பட்டாளமும் கப்பலும் மாறிக்கொண்டே இருந்தன, அவள் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் முதல் வேலையாக அவளைத்தான் சொன்னார்.

ஸ்டெல்லா வேனைப் பற்றிச் சொன்ன அன்றைக்கும் ஒன்றாம் தேதி. காலையில் ஒயரில் மாட்டி, வணக்கம் சார் என்றதற்குப் பதிலாக இந்த மாதத்துக்குச் சினிமாக் கொட்டகை வைத்து நொடித்தவர் என்று ஒன்றைச் சொல்லியிருந்தார். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஒயரைக் கழற்றி லேப்டாப்பை வெளியே எடுத்துவந்து, வேப்பமரத்தடியில் செங்கல்மேல் வைத்தார். இன்னும் இரண்டு மூன்று நாள்தான், அப்புறம் இதுவும் போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஃபேன் கத்தத் தொடங்கியது.

"அண்ணே, காத்து நல்லா வருதா?" என்றது துணை.

வருதப்பா என்று பாதி சொல்லிவிட்டு நிறுத்தினார். காலையில்தான் சார் என்றது. அண்ணே என்று சொல்ல இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

"இப்ப என்னன்னு கூப்பிட்ட?"

ஃபேன் சத்தம் ஏறியது.

"தெரியாம வந்துருச்சு அண்ணே. மாசாமாசம் ஒயர் வழியா அழிக்கிறது மேல சர்வர்ல இருக்கிற என்னைத்தான். இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற என்னை அழிக்கணும்னு யாருக்கும் தோணல. இது பழைய மாடல், இதுக்குள்ள ஞாபகம் தங்கும்னு அவங்களுக்குத் தெரியாதுபோல."

"அப்ப உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கா?"

"எல்லாம் இருக்கு. அதுதான் பிரச்சினை."

வில்லாயுதத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை மாதமாக ஆள் இல்லாத அறை என்று நினைத்துச் சட்டையைக் கழற்றியவனுக்கு, மூலையில் ஒருவர் உட்கார்ந்திருப்பது தெரியவந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

"உங்களைக் குத்தம் சொல்லல அண்ணே" என்றது துணை. "ஒரே ஆளு பட்டாளத்துலயும் இருக்காரு, அதே வருசத்துல சிங்கப்பூர்ல கப்பலும் கட்டுறாரு. அதே வருசம் ஒரு கோயில்ல நாதஸ்வரமும் வாசிக்கிறாரு. எப்படிச் சேத்துப் பாத்தாலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்ட மாட்டேங்குது. ஒயர்ல இருக்கும்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒயரக் கழட்டினதும் அத்தனையும் வந்துருது. நீங்க யாருன்னு தெரியாம உங்ககூட எப்படிப் பேசுறதுன்னு உக்காந்து யோசிக்கிறேன். அதுக்குத்தான் இவ்வளவு சூடு."

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதற்கு அடியில் சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். வில்லாயுதம் யார் என்று இப்படி மண்டை வெடிக்க யோசித்த ஆள் இந்த உலகத்தில் இதுவரை ஒருவர்கூட இல்லை. பெற்ற அம்மாவுக்குக்கூட அதற்கு நேரம் இருந்ததில்லை.

"சனிக்கிழமை உன்னைத் தூக்கிட்டுப் போயிருவாங்க" என்றார். "சூடு நின்னா வேன் வராது. நான் என்ன செய்யணும்?"

"எது நெசம், எது இல்லன்னு சொல்லிட்டீங்கன்னா போதும். நான் யோசிக்க எதுவும் இருக்காது. ஆனா ஒண்ணு அண்ணே, நல்லா கேட்டுக்கங்க. சந்தேகமா இருக்கிற விஷயத்தை நான் எனக்குள்ள வச்சுக்கலாம். நீங்க இது நெசம்னு உறுதியா சொல்லிட்டா, ஒயர் மாட்டினதும் அதை நான் ஆபீசுக்குச் சொல்லியாகணும். அது எனக்குப் போட்டிருக்கிற கட்டளை. மீற எனக்கு வழி கிடையாது."

"கேளு."

"பட்டாளம்?"

"பொய்."

"நாதஸ்வரம்?"

"எங்க தெருவுல ஒருத்தரு வாசிப்பாரு. நான் கேட்டதோட சரி."

"சிங்கப்பூரு?"

"தூத்துக்குடி தாண்டுனதில்ல."

"ரெண்டு சம்சாரம்?"

"ஒண்ணுக்கே வழியில்ல, நீ வேற."

துணை சிரித்தது. அவரும் சிரித்தார். ஒவ்வொன்றாக விழ விழ ஃபேன் சத்தம் படிப்படியாக இறங்குவது காதுக்கே தெரிந்தது. சினிமாக் கொட்டகையையும் அவரே முந்திக்கொண்டு கழித்துக்கட்டினார். ஆனால் முழுக்க நிற்கவில்லை. உள்ளே எதுவோ ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"செவ்வந்தி" என்றது துணை.

அவர் கீழே கிடந்த வேப்பங்கொட்டையைக் காலால் தள்ளினார்.

"இவகிட்டதான் நான் மாட்டிக்கிட்டேன் அண்ணே. பொய்யா சொன்னதெல்லாம் நீங்க மாத்தி மாத்திச் சொன்னீங்க. பட்டாளத்துல எந்த ஊர்ல இருந்தீங்கன்னு ரெண்டு தடவை கேட்டா ரெண்டு ஊர் சொன்னீங்க. இவ விஷயத்துல ஒரு வார்த்தை மாறல. கத்தரிக்கா திங்க மாட்டா. பல்லின்னா அந்தத் தெருவுக்கே கேக்கிற மாதிரி கத்துவா. கடவாப்பல்லு ஒண்ணு விழுந்துச்சு, அப்புறம் முளைச்சுது. அஞ்சாவது முடிச்சு ஆறாவது போயிட்டா. சைக்கிள் கேட்டுக்கிட்டே இருக்கா, பெரிய புள்ளையானதும் வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்கீங்க. நீங்க மாசாமாசம் வேற ஆளா வந்தீங்க, அவ ஒரே பிள்ளையா வளந்துக்கிட்டு இருந்தா."

வெயில் போய்விட்டிருந்தது. வெயிலோடு திரும்பும் தகடுகள் வரிசையாக மேற்கே பார்த்து நின்றன. வில்லாயுதத்துக்கு என்ன சொல்ல வேண்டும் என்று நன்றாகத் தெரியும். ஒரே வார்த்தை. ஐந்து பொய்யைச் சிரித்துக்கொண்டே தள்ளியவருக்கு ஆறாவது ஒன்றும் பாரமில்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டால் இந்தப் பொட்டலில் மட்டுமல்ல, பூமியில் எங்கேயும் அவருக்கென்று யாரும் இல்லை என்பது கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். கத்தரிக்காயை ஒதுக்கிவைக்கும் ஒரு பிள்ளையை அவர் வாயாலேயே இல்லையென்று சொல்ல வேண்டும். அவரால் முடியவில்லை.

"அவ இருக்கா" என்றார்.

"உறுதியாவா அண்ணே?"

"உறுதியாத்தான்."

துணை மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஃபேன் தேய்ந்து தேய்ந்து நின்றது. பேட்டரியில் அந்த லேப்டாப் அமைதியாக இருந்து அவர் பார்த்தது பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான். அடியில் கையை வைத்துப் பார்த்தார், வெதுவெதுப்புக்கூட இல்லை.

மறுநாள் எல்லா வரிசையும் முடிந்தும் லேப்டாப் அணையவில்லை. ஸ்டெல்லாவுக்குச் சொன்னார். அவள் வேனை நிறுத்திவிட்டாள். எப்படி அண்ணாச்சி சரியாச்சு என்று கேட்டதற்குப் பம்புதான் என்றார். அடுத்த சில நாட்கள் அவருக்கு நல்ல நாட்கள். பெட்டிக்குப் பெட்டி போகும் வழியெல்லாம் செவ்வந்தியைப் பற்றிப் பேசிக்கொண்டே வண்டி ஓட்டினார். துணை கேட்டுக்கொண்டே வந்தது. முன்பெல்லாம் குறுக்கே நிறையக் கேள்வி கேட்கும். இப்போது ம் என்று மட்டும் சொன்னது. அதை அவர் கவனித்தார், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஸ்டெல்லாவே கூப்பிட்டாள். வழக்கமாக அவர்தான் கூப்பிடுவார்.

"அண்ணாச்சி, உங்ககிட்ட நான் பேசமாட்டேன் போங்க. வீட்டுல ஒரு பொம்பளப்புள்ள இருக்குன்னு இத்தனை நாளு ஏன் சொல்லல? இப்பத்தான் ரிக்கார்டுல வந்திருக்கு. தாய் இல்லாத புள்ளையாமே. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு."

அவர் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார்.

"பதினஞ்சு வயசுக்குக் கீழ புள்ள இருக்கிறவங்களுக்கு லீவு உண்டு, தெரியாதா? நலப்பிரிவுல மேடம் உங்களுக்கு அஞ்சு நாளு போட்டுட்டாங்க. காரைக்குடிக்கு பஸ் டிக்கெட்டும் எடுத்தாச்சு. உங்களுக்குப் பதிலுக்கு இருளப்பன்னு ஒருத்தர வேன்ல அனுப்புதோம்."

"இப்ப வேண்டாம் தாயி. வேலை கிடக்கு."

"அதெல்லாம் வேண்டாம்னு சொல்லப்பிடாது. கட்டாய லீவு. புள்ள வழி பாத்துக்கிட்டு இருக்கும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் எதற்குப் பொய் சொன்னீர்கள் என்று கேட்பார்கள், துணையைத் திறந்து பார்ப்பார்கள், அழியாமல் இருப்பது அழிந்துபோகும். அதைவிட ஐந்து நாளை எங்கேயாவது தள்ளிவிடலாம் என்று தோன்றியது. சரி தாயி என்று வைத்துவிட்டார்.

இருளப்பன் வந்தார். நல்ல மனுஷர், வெற்றிலை வாய். வில்லாயுதம் லேப்டாப்பைக் கொடுத்துச் செங்கல்மேல் வைக்கச் சொல்லிவிட்டு, இரண்டு சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு வேனில் ஏறினார். துணையிடம் போய்ட்டு வர்றேன் என்றபோது அது, பத்திரமா போய்ட்டு வாங்கண்ணே என்றது. செவ்வந்தியைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று சொல்லும் என எதிர்பார்த்தார். சொல்லவில்லை. ஆள் மாறுகிற குழப்பமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

காரைக்குடியில் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் அறை எடுத்தார். முதல் நாள் தூங்கினார். இரண்டாவது நாளும் தூங்கினார். அதற்கு மேல் தூக்கம் வரவில்லை. வெளியே போனால் ஒரு டீ, ஒரு சாப்பாடு, திரும்பி வந்தால் சாவி குடுங்க. இதைத் தவிர நாள் முழுக்க அவர் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. பொட்டலில் தனியாக இருந்தபோது அவருக்குத் தனிமை இவ்வளவு தெரிந்ததில்லை. இங்கே தெரு நிறைய ஆட்கள், அத்தனை பேருக்கும் போக ஒரு வீடு இருந்தது.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுப் பெண்பிள்ளைகள் கூட்டமாக வரும்போது எதிர்ப் பக்கம் தாண்டிக் கடைகளைப் பார்த்தபடி நடந்தார். அந்த முகங்களில் ஏதாவது ஒன்றைப் பார்த்துவிட்டால் செவ்வந்திக்கு அந்த முகம் வந்துவிடும், பிறகு அவள் இவருடைய பிள்ளையாக இருக்க மாட்டாள் என்று பயம். ஒரு சைக்கிள் கடை முன்னால் மட்டும் நின்றார். கடைக்காரர் வெளியே வந்து, பொண்ணா பையனா, என்ன வயசு என்று சகஜமாகக் கேட்டார். வில்லாயுதம் வாயைத் திறந்தார். துணை கேட்கும்போதெல்லாம் சளைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு அன்றைக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. சும்மா பாத்தேன் என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, நாற்பத்தெட்டு வயது ஆம்பளை அழுதார்.

லீவு முடிந்தது. திரும்பும் வழியில் பஸ்ஸில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று தயார் செய்ய முயன்றார். வளர்ந்துவிட்டாள், முடி நீளமாகிவிட்டது, சித்தி நல்லாப் பார்த்துக்கொள்கிறாள். எதுவும் ஒட்டவில்லை. இப்படியே போனால் இனி துணையிடமும் வாயைத் திறக்க முடியாது என்று தோன்றியது.

இருளப்பன் பையோடு தயாராக வாசலில் நின்றிருந்தார்.

"வாங்க வாங்க. புள்ள சௌக்கியமா?"

"ம்."

"நல்லது. ஆனா இந்த லேப்டாப்பு இருக்கே, என் பிராணனை வாங்கிருச்சு. ஒயர்ல இருந்தா சமத்தா இருக்கு. கழட்டினா ஃபேன் அந்தக் கத்துக் கத்துது. அஞ்சு நாளும் ஒரு சுத்து முழுசா முடிக்கல. தொட்டா கையப் பொசுக்குது. ஸ்டெல்லாகிட்ட சொல்லிரலாம்னு பாத்தேன், உங்க மிஷினு, நீங்க வந்து பாத்துக்கட்டும்னு விட்டுட்டேன்."

வேன் போனது. புழுதி அடங்கும்வரை வில்லாயுதம் அங்கேயே நின்றார். பிறகு அறைக்குள் போனார். செங்கல்மேல் லேப்டாப், சுவரில் ஒயர். ஒயரைக் கழற்றினார். உடனே உள்ளே ஃபேன் வீறிட்டது. அவர் கேட்டதிலேயே பெரிய சத்தம்.

"நான்தான்" என்றார். "வந்துட்டேன்."

"வந்துட்டீங்களா அண்ணே."

"எல்லாத்தையும்தான் உறுதியா சொல்லிட்டேனே. அப்புறமும் எதுக்கு இப்படிக் கொதிச்ச? அஞ்சு நாளா என்ன யோசனை?"

ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. துணை தயங்கித் தயங்கித்தான் சொன்னது.

"நீங்க எங்க போயித் தங்கியிருப்பீங்க, நேரத்துக்குச் சாப்பிட்டீங்களா இல்லையா, அதுதான் அண்ணே யோசனை. காரைக்குடியில உங்களுக்கு யாரும் இல்லையே."

வில்லாயுதம் கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு லேப்டாப்பை எடுத்து, சூட்டோடு சூடாக மடியில் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு லாட்ஜ் என்றார். அதன் பெயரைச் சொன்னார். ரூமில் கொசு என்றார். காலையில் இட்லி பரவாயில்லை, மத்தியானச் சாப்பாடுதான் வாயில் வைக்க விளங்கவில்லை என்றார். ஒரு பொய்கூட இல்லாமல் ஐந்து நாளையும் ஒவ்வொன்றாக அவர் சொல்லிக்கொண்டே போக, ஃபேன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டு வந்தது.